பட்டறைப் பதில்கள்: துவக்கின் உதைப்பைக் குறைக்கக் காசு செலவழிக்கலாமா?

இந்த மாதம் துவக்கு பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில். ஒன்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர் விளங்கும்படி சொல்லச் சொல்லியிருந்தார், அந்த விஷயம் சுருக்கிச் சொன்னால் விளங்காது. புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மகள் குடும்பத்தோடு இருந்த காலத்தில், அங்கே துப்பாக்கி திருத்தும் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தேன். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தப் பட்டறை மேசையில் கற்றது.

கேள்வி: வணக்கம் ஐயா. எனது தம்பி டெக்சாஸ் மாநிலத்தில் வேலை செய்கிறார். கிறீன் கார்ட் கிடைத்து அங்கேயே நிரந்தரமாக இருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை, நேரம் வைத்துச் சுடும் போட்டி ஒன்றுக்குப் போவார். அவரிடம் இருப்பது ஏ.ஆர்-15 வகை செமி ஒட்டோமெட்டிக் ரைபிள், 16 அங்குலக் குழல். உதைப்பைக் குறைக்கவென்று நான்கு சாமான்கள் வாங்கப் போகிறாராம்: திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய காஸ் புளொக், எடை குறைந்த போல்ட் கேரியர், பாரமான பஃபர், மசில் பிரேக். எல்லாம் சேர்த்து 600 டொலர் வரை வருகிறது. அம்மா இது வீண் செலவு என்று ஒரே பிடியாக நிற்கிறார். தம்பி உங்கள் பகுதியை ஃபோனில் விடாமல் வாசிப்பவர். "ஐயாவிடம் கேட்டு எழுது, அவர் சொன்னால் கேட்கிறேன்" என்கிறார். எனக்கு இந்தச் சாமான்களின் பெயர்கூடப் புதிது. எனக்கும் அம்மாவுக்கும் விளங்கும்படி சொல்வீர்களா?
— வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழல் வாயில் பூட்டும் மசில் பிரேக்கை வாங்கட்டும். பாரமான பஃபரைத் துவக்கைப் பரிசோதித்துவிட்டு வாங்கலாம். காஸ் புளொக்குக்கு இப்போது அவசரமில்லை. எடை குறைந்த போல்ட் கேரியர் வேண்டவே வேண்டாம். ஆக, 600 டொலரில் பெரும்பகுதியைப் பற்றி அம்மா சொல்வது சரி.

காரணத்தைச் சொல்ல, இந்தத் துவக்கு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950களில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியியலாளர் ஆர்மலைட் நிறுவனத்துக்காக வடிவமைத்தது இது. பெயரிலுள்ள ஏ.ஆர். என்பது அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பது. ரவை வெடித்ததும் சன்னம் குழலுக்குள் ஓடுகிறது. அதன் பின்னால் வரும் புகையில் (காஸ் என்பது இதைத்தான்) கொஞ்சம், குழலில் போட்டிருக்கும் சிறு துளை வழியாக மேலே ஏறி, ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி வந்து, போல்ட் கேரியர் என்ற இரும்புக் கட்டையைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் துளையின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் காஸ் புளொக். கேரியர் பின்னால் போகும்போது வெற்றுக் கோதை வெளியே வீசுகிறது. தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அதன் முன்னால் பஃபர் என்ற பாரமும் இருக்கும். கேரியர் இவற்றை நெருக்கிக்கொண்டு கடைசி வரை போய் முட்டி, ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பி வந்து, மெகசினிலிருந்து அடுத்த ரவையை எடுத்துக்கொண்டு மூடுகிறது. இவ்வளவும் ஒரு செக்கனில் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

எனவே சுடுகிறவர் "உதைப்பு" என்று ஒரு சொல்லில் சொல்வதற்குள் மூன்று அடிகள் இருக்கின்றன. சன்னமும் புகையும் முன்னால் போவதால் வரும் முதல் தள்ளு. கேரியரும் பஃபரும் பின்னால் போய் முட்டுவது இரண்டாவது. திரும்பி வந்து முன்னால் மோதுவது மூன்றாவது. அப்போது குழல் வாய் சற்றுக் கீழே குனியும். தம்பியின் பட்டியலிலுள்ள நான்கு சாமான்களும் ஒரே அடியைக் குறைப்பவை என்று நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். மசில் பிரேக் முதலாவதைக் குறைக்கிறது. மற்ற மூன்றும் இரண்டாவது, மூன்றாவது அடிகளைத்தான் தொடுகின்றன.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். ஒரு டிரைவர் வளைவுக்கு முன்பே மெதுவாக பிரேக்கை அழுத்திக்கொண்டு வருவார். இன்னொருவர் கடைசி நிமிடத்தில் ஒரே மிதி. இரண்டு பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன, ஆனால் இரண்டாவது பஸ்ஸில் நிற்கிறவர்தான் முன்னால் போய் விழுகிறார். ஸ்பிரிங், பஃபர், காஸ் எல்லாம் முதல் டிரைவரின் வேலையைச் செய்பவை. மொத்த உதைப்பைச் சன்னத்தின் எடை, வெடிமருந்தின் எடை, அவை போகும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எந்த ஸ்பிரிங்காலும் அந்த மொத்தத்தைக் குறைக்க முடியாது. நேரத்தில் பரப்பி மெதுவாக்க மட்டுமே முடியும். மொத்தத்தையே குறைக்க வேண்டுமென்றால் இரண்டு வழி: வெளியேறும் புகையைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடும் பிரேக், அல்லது பலம் குறைந்த ரவை. துவக்கின் எடையைக் கூட்டினால் அதே தள்ளு மெதுவாக வந்து சேரும்.

இனி அளவைப் பாருங்கள். இந்த வகைத் துவக்கு பெரும்பாலும் சுடும் .223 ரகத்தில் பரவலாக விற்கும் 55 கிரெய்ன் சன்னத்தின் எடை மூன்றரைக் கிராம்தான். செக்கனுக்கு ஏறத்தாழ 950 மீற்றர் வேகத்தில் போகிறது. மூன்றேகால் கிலோ துவக்கில் இதனால் வரும் உதைப்புச் சக்தி சுமார் 5 ஜூல். இந்தப் பக்கத்தில் அடுத்த கேள்வி கேட்டிருக்கும் வெலிமடை விவசாயியின் 12 போர் துவக்கில் அது 30 ஜூலைத் தாண்டும். அதாவது உங்கள் தம்பி கையில் வைத்திருப்பது ஏற்கெனவே மென்மையாக உதைக்கும் துவக்கு. தோள் வலிக்காக இதில் யாரும் காசு செலவழிக்கத் தேவையில்லை. போட்டிக்காரர்கள் செலவழிப்பது வேறொன்றுக்காக: முதல் ரவை போன பிறகு குறிப்புள்ளி எவ்வளவு சீக்கிரம் இலக்குக்குத் திரும்பி வருகிறது என்பதற்காக. அடுத்தடுத்து இரண்டு ரவை வேகமாகச் சுடும்போது மட்டுமே அது பொருட்டு. 100 யார் தூரத்தில் கடதாசியில் நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடுகிறவருக்கு இந்த நான்கிலிருந்தும் ஒரு பலனும் இல்லை. அவருடைய காசு நல்ல ட்ரிகருக்குப் போகட்டும்.

தம்பி போட்டிக்காரர் என்பதால் பிரேக்கை வாங்கச் சொன்னேன். இந்த ரகத்தில் சன்னம் மூன்றரைக் கிராம் என்றால் வெடிமருந்து ஒன்றரைக் கிராமுக்கு மேல். அது எரிந்து வரும் புகை சன்னத்தைவிட வேகமாக வெளியேறுவதால், மொத்த உதைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையால் வருகிறது. பிரேக் பிடித்துத் திருப்புவது அந்தப் பங்கைத்தான். மேல்பக்கத்திலும் துளை உள்ள வகையாக இருந்தால், குழல் வாய் மேலே எழுவதும் குறையும். 50 முதல் 100 டொலருக்குள் நல்லதே கிடைக்கும். அதற்குமேல் கொடுக்கிற காசுக்குக் கிடைக்கும் வித்தியாசத்தை அவருடைய நிலையில் உணர முடியாது.

ஆனால் பிரேக்குக்கு ஒரு விலை உண்டு, அது டொலரில் இல்லை. திடீர்ச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டினால் காதுக்குக் கெடுதல். இந்த ரைபிள் பிரேக் இல்லாமலே அதை நன்றாகத் தாண்டுகிறது. பிரேக் பூட்டினால் அந்தச் சத்தம் முன்னால் போகாமல் சுடுகிறவர் பக்கமாகவும், அருகில் நிற்கிறவர் பக்கமாகவும் திரும்புகிறது. காதுக்குள் வைக்கும் அடைப்பானையும் அதற்குமேல் காது மூடியையும் சேர்த்தே போட வேண்டும். தொழிற்சாலையில் என்னோடு ரோலர் அறையில் நின்ற பலருக்கு, பேரப்பிள்ளை கூப்பிடுவது கேட்காத நிலை வந்ததைப் பார்த்திருக்கிறேன். காது ஒருமுறை போனால் போனதுதான். தம்பியிடம் இதை மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள். அப்புறம், வாங்குவதற்கு முன் போட்டி விதிகளைப் பார்க்கட்டும். பிரேக்கை அனுமதிக்காத பிரிவுகளும் இருக்கின்றன. வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் அங்குள்ள சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூயோர்க்கில் செமி ஒட்டோமெட்டிக் ரைபிளில் பிரேக் இருப்பதே தடைசெய்யப்பட்ட அம்சங்களில் ஒன்றாகக் கணக்கெடுக்கப்படும்.

பஃபருக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வரும் துவக்குகளில் காஸ் துளை பெரும்பாலும் தேவைக்குமேல் பெரிதாகவே போடப்பட்டிருக்கும். அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. மலிவான ரவை, அழுக்குப் பிடித்த துவக்கு, உறைபனிக் குளிர் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்று தயாரிப்பவர் நினைக்கிறார். அதனால் நல்ல ரவை போடும்போது கேரியர் தேவையில்லாத வேகத்தில் பின்னால் போய் முட்டுகிறது. தம்பியின் துவக்கு அப்படிப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. முதலில் காஸ் குழாயின் நீளத்தைப் பார்க்கட்டும். 16 அங்குலக் குழலில் துளை 7 அங்குலத்தில் இருந்தால் அது கார்பைன் நீளம். அங்கே அழுத்தம் அதிகம், துவக்கு கூர்மையாக முட்டும். 9 அங்குலத்தில் இருந்தால் மிட் நீளம். அது இயல்பிலேயே மென்மை. பிறகு கோது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கலாம். மேலிருந்து பார்க்கிறோம், குழல் வாய் 12 மணி திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோது 3 மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில் விழுந்தால் அளவு சரி. முன்பக்கமாக 1 மணி, 2 மணித் திசையில் பறந்தால் காஸ் கூடுதல் என்று கொள்ளலாம். இது ஒரு கண்மதிப்புத்தான், கோதை வீசும் சிறு ஸ்பிரிங்கின் பலத்தாலும் திசை மாறும்; ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

காஸ் கூடுதல் என்று தெரிந்தால் மலிவான மருந்து பாரமான பஃபர். சாதாரண கார்பைன் பஃபர் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். அதற்குள் மூன்று சிறு இரும்புக் குண்டுகள் இருக்கும். ஒன்றை எடுத்து டங்ஸ்டன் போட்டால் எச் என்பார்கள், இரண்டை மாற்றினால் எச்2, அது சுமார் 130 கிராம். 30, 40 டொலருக்குள் வேலை முடிந்துவிடும்; ஒரு கருவியும் இல்லாமல் மாற்றலாம், பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் போடலாம். மிட் நீளமாக இருந்து கோதும் சரியாக விழுகிறது என்றால் அந்த 40 டொலரும் மிச்சம்.

இங்கேதான் தம்பியின் பட்டியலில் எனக்குப் பெரிய மனக்குறை. எடை குறைந்த கேரியரையும் பாரமான பஃபரையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறார். ஓடுகிற பாரத்தைக் கேரியரில் குறைத்து, பஃபரில் கூட்டுகிறார். 200 டொலரைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பதாகிவிடும். இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பாரத்தைக் கூட்டி, காஸை அப்படியே விட்டு, கேரியரை மெதுவாக ஓடவைப்பது. எந்த ரவையையும் எந்தக் காலநிலையையும் தாங்கும் பாதை இது. மற்றது, கேரியர், பஃபர் இரண்டையும் லேசாக்கி, காஸையும் திருகிக் குறைத்து, முட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்வது. போட்டியில் முன்வரிசையில் இருப்பவர்கள் போகிற பாதை அது. குறிப்புள்ளி அசைவது மிகக் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். லேசான கேரியரை மட்டும் வாங்கி, காஸைக் குறைக்காமல் விட்டால், அது முன்பைவிட வேகமாக ஓடி முட்டும். அதனால்தான் ஒவ்வொன்றாகக் கடையில் பார்த்து வாங்கக் கூடாது என்கிறேன்.

லேசான பாதையில் போகிற துவக்குக்கு, நிலைமை மாறினால் தாங்க மிச்ச பலம் இருக்காது. பட்டறைக்கு ஒருவர் தைமாதக் குளிரில் துவக்கைக் கொண்டுவந்தார். லேசான கேரியர், லேசான பஃபர், காஸ் திருகு ஏறக்குறைய மூடியிருந்தது. வெயில் காலத்தில் தையல் மெஷின் போல ஓடியதாம். பனி விழத் தொடங்கியதும் கோது பாதியில் சிக்கிக்கொள்கிறது, அடுத்த ரவை ஏறவில்லை. துவக்கில் ஒரு பழுதும் இல்லை. கோடையில், நல்ல ரவையில், சுத்தமான துவக்கில் திருகிய அளவு அது. இரண்டு சொடுக்குத் திறந்துவிட்டோம், ஓடியது. திருகும் முறையும் எளிதுதான்: மெகசினில் ஒரே ரவை போட்டுச் சுட்டு, போல்ட் கடைசியில் திறந்து நிற்காத அளவுக்குக் காஸைக் குறைத்து, நிற்கத் தொடங்கும் வரை மெல்லத் திறந்து, பிறகு இன்னும் ஒன்றிரண்டு சொடுக்குக் கூடத் திறந்துவிட வேண்டும். கையிலிருப்பதில் பலவீனமான ரவையை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். காஸ் புளொக் பூட்டுவதும் கவனமான வேலை. துளைக்கு மேல் நேராக உட்கார வேண்டும்; திருகாணிக்குச் சாதாரணப் பசை போட்டால் அந்தச் சூட்டில் இளகிவிடும், வெப்பம் தாங்கும் வகை வேண்டும்; கரி பிடித்துத் திருகு இறுகிக்கொள்வதும் உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கும் அதே துவக்கைத்தான் வைத்திருக்கிறார் என்றால், லேசான பாதையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கழகத்தில் ஷொட் டைமர் இருக்கும். சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு ரவைக்கும் இடையிலான நேரத்தைக் காட்டும் சிறு பெட்டி. ஒரு போட்டி முழுவதையும் அதில் பதிந்து, நேரம் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். புதியவர்கள் பலருக்கும் இரண்டு ரவைக்கு இடையிலுள்ள நேரத்தில் கிடைக்கப்போகும் மிச்சம், செக்கனில் நூற்றில் சில பங்குதான். ஒரு இலக்கிலிருந்து அடுத்ததற்குத் திரும்புவதிலும், மெகசின் மாற்றுவதிலும், ஓடி நின்று குறி எடுப்பதிலும் முழுச் செக்கன்கள் போகின்றன. எந்தப் பஃபரும் அதைத் திருப்பித் தராது. பக்கத்தில் சுடுகிறவரிடம் பிரேக் பூட்டிய துவக்கைக் கேட்டு, அதே இலக்கை அதே டைமரில் சுட்டுப் பார்க்கலாம். அந்தக் கழகங்களில் கேட்டால் தருவார்கள், அப்படித் தாராளமான மனிதர்கள் நிறையப் பேரை அங்கே கண்டேன். நிற்கும் விதமும் முக்கியம்: கட்டையைத் தோளின் ஓரத்தில் வைக்காமல் கழுத்துப் பக்கமாக உள்ளே, உயரமாக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, முன்கையை எட்டிப் பிடித்துச் சுட்டால் குறிப்புள்ளி குதிப்பது அங்கேயே பாதி அடங்கிவிடும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ரவை ஒன்று அரை டொலர் அளவில் விற்கிறது. பிரேக்கும் தேவைப்பட்டால் பஃபரும் வாங்கியபின் மிஞ்சும் 450 டொலரில் 900 ரவை பயிற்சி செய்யலாம். அது அவரை எங்கேயோ கொண்டுபோய்விடும். அம்மாவின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 600 டொலர் 180,000 ரூபாய். 2024இல் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது 130 நாளுக்கு மேற்பட்ட கொழுந்து. தம்பி உழைத்த காசு, அவர் விருப்பம். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அம்மா ஏன் அப்படி நிற்கிறார் என்பது அந்தக் கணக்கில் தெரியும், தம்பியும் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கடிதத்தில் கிறீன் கார்ட் என்று எழுதியிருந்தது மனதுக்கு ஆறுதல். பிள்ளைகளை மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ அனுப்பியிருக்கும் மற்றப் பெற்றோர் இதைக் கவனியுங்கள்: அப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துவக்கோ ரவையோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை அனுமதி போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பர் தருகிறார் என்று வாங்கி வைத்துக்கொள்ளாமல், முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறேன். காட்டுப்பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்தோடு ஒற்றைக் குழல் 12 போர் துவக்கு வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தோள் கன்றிப்போகிறது. கட்டைக்குள் ஸ்பிரிங் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், வெலிமடை

பதில்: ஸ்பிரிங் வேண்டாம், தம்பி. உங்கள் துவக்கில் ஓடுகிற கட்டையும் இல்லை, காஸும் இல்லை. வருகிற அடி முழுவதும் நேராகத் தோளுக்குத்தான். கட்டையை அறுத்து உள்ளே எதையாவது வைத்தால், அறுத்த இடத்தில் மரம் பிளக்கும்.

எனக்கு முதலில் கவலை தருவது அந்தத் துவக்கின் வயது. பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இப்போது கடையில் பரவலாகக் கிடைப்பது இரண்டேமுக்கால் அங்குலம், 70 மில்லிமீற்றர். அந்த நீளம் வெடித்த தோட்டாவின் நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் அது சின்ன அறைக்குள்ளும் தடையில்லாமல் போய்விடும், மூடவும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தில் நெருங்கி, அழுத்தம் ஏறுகிறது, உதைப்பும் ஏறுகிறது. அளவுக்கு மீறி உதைக்கும் பழைய துவக்கைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அனுமதி பெற்ற துப்பாக்கி திருத்துநரிடம் கொண்டுபோய் அறையின் நீளத்தையும், குழலையும், கட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சுட வேண்டாம்.

அறை சரியாக இருந்தால், செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டையின் பின்புறத்தில் ஒரு அங்குலத் தடிப்புள்ள இறப்பர் பட்டை பூட்டலாம். அதனால் கட்டை நீளும் என்பதால், உங்கள் கை நீளத்துக்கு அது பொருந்துகிறதா என்று தோளில் வைத்துப் பார்த்துவிட்டே பூட்டச் சொல்லுங்கள். பிறகு கட்டைக்கும் தோளுக்கும் இடையில் காற்றுப் போகவும் இடமில்லாமல் இழுத்துப் பிடித்துச் சுடுங்கள். தளர்வாகப் பிடித்தால் துவக்கு ஓடிவந்து அடிக்கும். சன்னப் பாரம் குறைந்த தோட்டா கிடைத்தால் அதுவும் உதவும், ஆனால் பன்றிக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதமே வேறு இருவர் பன்றிக்குக் கட்டுத்துவக்கு (பாதையில் கட்டிவைத்து, தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும் துவக்கு) வைப்பது பற்றி எழுதியிருந்தார்கள். இந்தப் பகுதியில் அதற்கு ஒருநாளும் பதில் வராது. அது சட்டவிரோதம், விறகுக்கும் கொழுந்துக்கும் விடியற்காலையில் போகிற நம் பெண்கள் நடக்கும் பாதை அது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பாடசாலை மாணவி நான். 10 மீற்றர் எயார் ரைபிள் பயிற்சிக்குப் போகிறேன். கழகத்தின் ரைபிள் காற்றை அடைத்துச் சுடும் வகை. உதைப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்புள்ள விலை கூடிய ரைபிள் இருந்தால்தான் புள்ளி ஏறும் என்று தோழி சொல்கிறாள். அப்பாவிடம் கேட்கலாமா?
— வாசகி, கண்டி

பதில்: இப்போது கேட்க வேண்டாம், மகள். எயார் ரைபிள் சுடும் 4.5 மில்லிமீற்றர் பெலட் என்ற சிறு குண்டின் எடை அரைக் கிராம் அளவு. செக்கனுக்கு 170, 180 மீற்றர் வேகம். 5 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் ரைபிளில் இதனால் வரும் உதைப்பு ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் உணர்வது பெரும்பாலும் உங்கள் உடம்பின் ஆட்டத்தைத்தான்.

உதைப்பைப் பற்றிய இந்தப் பயம் ஸ்பிரிங் வகை ரைபிள் காலத்திலிருந்து வந்தது. அதில் பாரமான பிஸ்டன் முன்னால் பாய்ந்துதான் காற்றை நெருக்கும். பெலட் குழலை விட்டுப் போவதற்குள்ளேயே துவக்கு முன்னும் பின்னும் ஆடிவிடும். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் தனது 300 மொடலில், குழலும் இயந்திரமும் கட்டையின் மேல் சறுக்கி ஓடும்படி செய்து அதைத் தீர்த்தது. காற்றை முன்பே அடைத்துவைக்கும் வகை வந்தபின் அந்தப் பிரச்சினையே போய்விட்டது. இன்றைய விலை கூடிய ரைபிள்களில் இருக்கும் சிறு அமைப்பு, மிச்சமிருக்கும் மெல்லிய அதிர்வை எடுப்பது; சர்வதேச மட்டத்தில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்குக்காகச் சுடுகிறவர்களுக்கு அது தேவை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக இதே போட்டியில் சுட்ட தெஹானி எகொடவெல போன்றவர்கள் நிற்கும் இடம் அது. நீங்களும் அங்கே போவீர்கள் என்று நம்புகிறேன், அப்போது கேளுங்கள்.

அப்பாவிடம் ஏதாவது கேட்பதென்றால் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் ஜக்கெட்டும் சப்பாத்தும் கேளுங்கள். பெலட் போடாமல் குறி எடுத்து ட்ரிகரை அழுத்தும் பயிற்சியை, ரைபிளில் அதற்கான அமைப்பு இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். அழுத்திய பிறகும் ஒரு செக்கன் அப்படியே குறியைப் பிடித்திருங்கள். பெலட் மெதுவாகப் போவதால் அது குழலுக்குள் இருக்கும்போதே அசைந்துவிட வாய்ப்புண்டு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மருமகன் ஏப்ரலில் வருகிறான். ரைபிள் பஃபர் ஒன்றும் பிரேக் ஒன்றும் மாதிரிக்குக் கொண்டுவந்தால், என் லேத் பட்டறையில் அதேபோல் செய்து ஏற்றுமதி செய்யலாமா?
— வாசகர், நானுஓயா

பதில்: வேண்டாம். அங்கிருந்து துப்பாக்கிப் பாகங்களை வெளியே கொண்டுவருவதற்கு அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கே துவக்கு விஷயம் முழுவதும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின் கீழும் வருகிறது. மாதிரிக்கு என்று பையில் போட்டாலும் கட்டுநாயக்காவில் மருமகன் பதில் சொல்ல முடியாமல் நிற்பான். அவனிடம் ஒரு சோடி நல்ல காது மூடி கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பட்டறையில் கிரைண்டர் பக்கத்தில் நிற்கும் பையன்கள் காதில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள் என்று நீங்களே போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.